லோ விசில் வாங்குமுன் கீழ் ‘டி’யை ஊதிப் பாருங்கள்

ஐரிஷ் இசைக்கென்று நான் லோ விசில் என்ற, நேராகப் பிடித்து ஊதும் நீளமான ஆறு துளைக் குழலை ஊதத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சொந்தமாக மூன்று லோ டி விசில்கள் (‘டி’ என்ற மேற்கத்திய சுரத்தை அடிச்சுரமாகக் கொண்டவை) வைத்திருந்தேன். நண்பர்களிடம் இரவல் வாங்கி வாரக்கணக்கில் ஊதியவை இன்னும் ஏழெட்டு இருக்கும். இப்போது நான் ஊதுவது காலின் கோல்டி ஜெர்மனியில் கையால் செய்யும் அலுமினிய லோ டி. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதன் அருமையை எனக்குப் புரியவைத்தது நான் முதலில் வாங்கிய மோசமான விசில். ஆகவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. காணொளி ஒன்றில் யாரோ அதில் ஒரு ஸ்லோ ஏர், அதாவது மெதுவான மெட்டு, வாசித்தார்கள். மலைச்சரிவில் பனி இறங்குவது போன்ற அந்த நாதத்தில் சொக்கிப்போய் அன்றிரவே பணம் கட்டிவிட்டேன். விசில் வந்தது. பார்க்க அழகு, பளபளப்பு, கையில் நல்ல கனம். ஆறு துளைகளையும் மூடிக்கொண்டு கீழ் ‘டி’யை ஊதினால் மெல்ல ஒரு முனகல் வரும். கொஞ்சம் மூச்சைக் கூட்டினால் அது சட்டென்று மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். ஏழு மாதம், தினமும், குறை என் மூச்சில்தான் என்று நினைத்துச் சாதகம் செய்தேன். இலியன் பைப் என்ற ஐரிஷ் பைக்குழல் வாசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அதை வாங்கி ஒரே ஒரு சுரம் ஊதினார். திருப்பித் தந்துவிட்டு, “இது உங்க மூச்சோட குறை இல்லைங்க. அந்தக் கீழ் டி இந்தக் குழாய்க்குள்ளேயே இல்லை” என்றார். அன்று எனக்கு வந்தது கோபம் அல்ல, பெரிய நிம்மதி.

பிறகுதான் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். சின்ன டின் விசிலுக்கும் இதற்கும் விரல்முறை ஒன்றுதான். ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், அவ்வளவே. ஆனால் அந்த ஒரு ஸ்தாயி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. கீழ் ‘டி’ 293.7 ஹெர்ட்ஸ். இரு முனையும் திறந்த குழாயில் அந்தச் சுரம் பிறக்க ஏறக்குறைய 58 செ.மீ. நீளத்துக்குக் காற்றுத் தூண் வேண்டும். குழாயின் உள்விட்டம் இருபது மி.மீ.க்குச் சற்று மேல். இவ்வளவு காற்றையும் அசைத்து எழுப்ப வேண்டியது வாய்முனையில் உள்ள ஒரு மெல்லிய காற்றுவழியும், அதற்கு எதிரே நிற்கும் ஒரு வெட்டு விளிம்பும்தான். அந்த இரண்டும் மயிரிழை தவறினாலும் முதலில் செத்துப்போவது அடிச்சுரம். சின்ன விசிலில் இதே தவறு நடந்தால் ஒலி கொஞ்சம் கரகரக்கும், வாசித்துவிடலாம். லோ விசிலில் வாசிக்க முடியாது.

இந்தக் கருவி இந்த வடிவத்தில் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஃபின்பர் ஃப்யூரி என்ற ஐரிஷ் கலைஞரிடம் இந்திய மூங்கில் விசில் ஒன்று இருந்தது. அது உடைந்துபோனது. 1971 வாக்கில் இங்கிலாந்தின் ரக்பி நகரில் இருந்த பெர்னார்ட் ஓவர்டனிடம் அதைச் சரிசெய்யக் கொண்டுபோனார். மூங்கிலை ஒட்ட முடியவில்லை. ஓவர்டன் அதைப் பார்த்து அலுமினியக் குழாயில் ஒன்று செய்து கொடுத்தார். இன்று உலகெங்கும் ஊதப்படும் உலோக லோ விசில்களின் மூதாதை அதுதான். பிறகு டேவி ஸ்பிலேன் போன்றவர்கள் இலியன் பைப்பின் இழைவுகளையும் சறுக்கல்களையும் இதில் கொண்டுவந்தார்கள். அந்தக் குழைவு கேட்டவர்களைக் கட்டிப்போட்டது. ஓவர்டனின் வழியைத் தொடர்ந்து செய்தவர்தான் கோல்டி. புல்லாங்குழலில் இருந்து இங்கே வந்தவள் நான். உடைந்த ஒரு மூங்கிலில் இது தொடங்கியது என்பது ஏனோ எனக்குத் தனியாக ஒரு ஒட்டுதலைத் தருகிறது.

சரி, நல்ல விசிலை எப்படி இனம் காண்பது? காணொளியில் கேட்கும் நாதத்தை நம்பாதீர்கள் என்பேன். ஒலிப்பதிவில் எதிரொலி சேர்த்துவிட்டால் பிளாஸ்டிக் குழாய்கூட உருக்கமாக ஒலிக்கும். பதிவில் ஒருபோதும் கேட்காத ஒன்று உண்டு: ஊதுபவரின் மூச்சுக்கு அந்தக் குழாய் கொடுக்கும் எதிர்ப்பு. இதை எதிரழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். காற்றுவழி குறுகலாக இருந்தால் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செலவாகும், நெஞ்சில் ஒரு தாங்கல் தெரியும். அகலமாக இருந்தால் மூச்சு கொட்டிப்போகும். ஸ்லோ ஏர் ஒன்றின் நீண்ட வரியை ஒரே மூச்சில் முடிக்க நினைக்கும்போது, மூன்றாவது சுரத்திலேயே நுரையீரல் காலியாகிவிட்டால் அந்த விசில் எவ்வளவு இனிமையாக ஒலித்தால் என்ன?

நான் யாருடைய விசிலைக் கையில் எடுத்தாலும் முதலில் செய்வது இதுதான். அதைப் பத்து நிமிடம் அக்குளில் இடுக்கிச் சூடாக்குவேன். குளிர்ந்த உலோகத்தை ஊதி அதன் சுருதியைக் குறை சொல்வது அநியாயம். ஒரு பாகை (செல்சியஸ்) வெப்பம் மாறினால் சுமார் 3 சென்ட் சுருதி மாறும்; அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். பத்துப் பாகை குளிர்ந்த குழாய் முப்பது சென்ட் கீழே நிற்கும், அது யார் காதுக்கும் உறுத்தும். சூடானபின் கீழ் ‘டி’யைப் பிடித்து மெதுவாகத் தொடங்கி மூச்சைக் கூட்டிக்கொண்டே போவேன். நல்ல விசிலில் சுரம் பருக்கும், இறுகும், ஓரத்தில் ஒரு கரகரப்பு ஏறும். அதற்குப் பிறகுதான் மேலே தாவும். அந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். ரீல் என்ற வேகமான நடன மெட்டு வாசிக்கும்போது கீழ் ‘டி’யைச் சுத்தியலால் அடிப்பதுபோல ஓர் அடி அடிக்க வேண்டிய இடங்கள் வரும். அந்த இடைவெளி இல்லாத விசிலில் அங்கெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம்தான் வரும்.

அடுத்து மேலே. கீழ் ஸ்தாயியின் ‘சி ஷார்ப்’பில் இருந்து நடு ‘டி’க்குப் போகும் இடம், அங்கிருந்து மேல் ‘ஈ’. எல்லா விரல்களையும் திறந்து வைத்திருந்தவர் சட்டென்று ஐந்தாறு விரல்களை ஒன்றாக மூட வேண்டிய இடம் அது. மூச்சும் அதே நொடியில் ஏற வேண்டும். நல்ல விசிலில் நினைத்தவுடன் அந்தச் சுரம் அங்கே இருக்கும். மோசமானதில் கீழ் ‘டி’யா நடு ‘டி’யா என்று ஒரு கணம் தடுமாறும். மேல் ‘ஏ’, மேல் ‘பி’ இரண்டையும் ஊதிப் பார்க்க வேண்டும். கன்னம் வீங்க ஊதினால்தான் வரும் என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

இங்கே ஒரு சமரசம் இருக்கிறது, அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேல் ஸ்தாயி எளிதாக வரும்படி செய்த விசிலில் கீழ் ‘டி’ எளிதில் உடையும். கீழே பாறைபோல நிற்கும் விசிலில் மேலே போக மூச்சால் தள்ள வேண்டும். இரண்டும் முழுமையாகக் கிடைக்கும் கருவியை நான் இதுவரை ஊதியதில்லை. திறமையான கைவினைஞர் என்பவர் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று தெரிந்தவர். கோல்டியிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்: மென்மையான ஊதல், நடுத்தரம், கடினமான ஊதல் என்று நீங்களே கேட்டு வாங்கலாம். நான் நடுத்தரத்தை எடுத்தேன். மெதுவான பாட்டுகள் மட்டும் வாசிப்பவள் என்றால் மென்மையானதை எடுத்திருப்பேன்.

சுருதிக்கு வருகிறேன். நேர்க்குழாயின் இயல்பு, மேல் ஸ்தாயி கொஞ்சம் தாழ்ந்து நிற்பது. மேலே மூச்சைக் கூட்டி, கீழே குறைத்து ஊதும்போது அது தானாகச் சரியாகும். அதனால் சுருதிமானியை வைத்துக்கொண்டு எல்லாச் சுரத்தையும் ஒரே மூச்சில் ஊதிச் சோதிப்பது தவறு. பாட்டு ஒன்றை வாசிப்பதுபோல ஊதி, கீழ் ‘ஜி’யும் மேல் ‘ஜி’யும், கீழ் ‘ஏ’யும் மேல் ‘ஏ’யும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு ‘எஃப் ஷார்ப்’. அப்புறம் ‘சி நேச்சுரல்’: மேல்துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூடி ஊத வேண்டும். பல லோ விசில்களில் இதன் சுருதி கொஞ்சம் கூடி வரும், கீழே இன்னொரு விரலையும் சேர்த்தால் இறங்கும். ஐரிஷ் இசையில் டி, ஜி இரண்டு சுருதிகளிலும் பாட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. ஜி என்றாலே ‘சி நேச்சுரல்’ வந்துவிடும். ஆகவே இந்தச் சுரத்துக்கு வேகமாக வாசிக்கத்தக்க விரல்முறை ஒன்று அந்த விசிலில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

தலைப்பகுதி நகரும் விசிலா, ஒரே குழாயா என்று கேட்பவர்கள் அதிகம். தனியாக வாசிப்பீர்கள் என்றால் ஒரே குழாய் போதும், அதற்கென்று ஓர் அழகும் உண்டு. பிறரோடு சேர்ந்து வாசிக்க நகரும் தலை வேண்டும். ஆனால் அதை எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு எல்லை இருக்கிறது. லோ டியில் ஒரு மி.மீ. இழுத்தால் கீழ் ‘டி’ சுமார் 3 சென்ட் இறங்கும். ‘பி’ சுரத்துக்கு வேலை செய்யும் காற்றுத் தூண் குட்டை என்பதால் அது 5 சென்ட் இறங்கிவிடும். ஒரு செ.மீ. இழுத்துவிட்டால் சுரங்கள் ஒன்றுக்கொன்று சண்டை போடத் தொடங்கும். சூடான விசில் இரண்டு மூன்று மி.மீ. இழுத்த நிலையில் ‘ஏ’ பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு வந்து நின்றால் அதைச் செய்தவர் அளந்து செய்திருக்கிறார் என்று அர்த்தம். முழுதும் உள்ளே தள்ளியும் 440ஐ எட்டவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

கை விரிவுதான் பலரைப் பயமுறுத்துகிறது. என் கை சின்னக் கை. முதல் மாதம் விரல் நுனிகளால் மூட முயன்று, மணிக்கட்டில் வலி ஏறி, இது எனக்கானதல்ல என்றே முடிவு கட்டியிருந்தேன். பைப் வாசிப்பவர்களின் பிடியை நண்பர் காட்டிக்கொடுத்தார்: விரல்களை வளைக்காமல் தட்டையாக நீட்டி, நுனியால் அல்லாமல் நடுக்கணுவின் சதையால் துளையை மூட வேண்டும். மூன்று வாரம் காற்று கசிந்தது. பிறகு ஒருநாள் கசியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் துளைகளின் இடைவெளி ஒவ்வொரு கைவினைஞருக்கும் கொஞ்சம் மாறும், துளையின் அளவும் மாறும். பெரிய துளை சத்தமும் சறுக்கல்களும் நன்றாகத் தரும், மூடுவது கடினம். துளை ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையாகத் தட்டுப்பட்டால் ஒருமணி நேரச் சாதகத்துக்குப் பின் விரலில் வளையம் பதியும். துளை வெட்டியதும் அவசர வேலை என்று தெரியும். கை உண்மையிலேயே எட்டவில்லை என்றால் இதைவிடக் குட்டையான லோ எஃப் அல்லது லோ ஜியில் தொடங்கலாம். ஆனால் கூட்டாக வாசிக்க விரும்புகிறவர் கடைசியில் லோ டிக்குத்தான் வந்து சேர்வார்.

நான் ஊதிப் பார்த்த மற்றவற்றில் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்தின் டோனி டிக்சன் செய்யும் பாலிமர் லோ டியை நண்பரிடம் வாங்கி ஒரு மாதம் வைத்திருந்தேன். எடை குறைவு, குளிரில் உலோகம்போல உறையாது, மூச்சுக்கு இதமானது. நாதம் மென்மை. இந்தக் கருவி தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க விரும்பும் எவருக்கும் தயங்காமல் அதைச் சொல்வேன். முதலிலேயே அதை வாங்கியிருந்தால் எனக்கு அந்த ஏழு மாதம் மிஞ்சியிருக்கும். மற்றொன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செய்யப்படும் எம்கே ப்ரோ. அலுமினியம், நகரும் தலை. கீழ் ஸ்தாயியின் உரம் கேட்டவுடன் தெரியும். ரீல்களில் அடிக்கும் அடி தாளவாத்தியம்போல விழுகிறது. கூட்டத்தில் வேகமாக வாசிப்பதே என் வழக்கம் என்றிருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

கோல்டியை நான் தேர்ந்ததற்குக் காரணம் ஸ்லோ ஏர்தான். இதன் கீழ் ‘டி’யில் மூச்சைச் சாய்த்து நிற்கலாம். சுவரில் தோள் சாய்த்து நிற்பதுபோல ஒரு தாங்கல் கிடைக்கிறது. சுரத்தைத் தொடங்கிவிட்டு, உள்ளேயே அதை வளர்த்து, நிறம் மாற்றி, விரலை மெல்ல உருட்டித் திறந்து அடுத்த சுரத்துக்குள் வழியவிடலாம். இதில் இருக்கும் எதிரழுத்தத்தால் முன்பு இரண்டு மூச்சு கேட்ட வரிகளை ஒரே மூச்சில் முடிக்கிறேன். நாதத்தில் ஒரு கரடு இருக்கிறது, தொடங்கும்போது ஒரு சிறிய மூச்சொலி. மெருகேற்றிய சுத்தமான புல்லாங்குழல் ஒலி வேண்டுபவர்களுக்கு இது பிடிக்காது. எனக்கு அந்தக் கரடுதான் உயிர். மேல் ‘பி’க்கு மனமொப்பி மூச்சைக் கொடுக்க வேண்டும், முதல் இரண்டு மாதம் அங்கே தயங்கித் தயங்கி அடிபட்டேன். தயங்கினால் சுரம் தாழும், துணிந்தால் நிற்கும்.

ஈரம் அடைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை விசிலின் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. மூச்சில் உள்ள நீராவி குளிர்ந்த உலோகத்தில் துளியாகி, குறுகிய காற்றுவழியில் ஒட்டிக்கொள்ளும். ஒலி கம்மிப்போகும். எதிரழுத்தம் கூடிய விசில்களில் இது கூடுதலாகவே நடக்கும், அது அந்த வடிவத்தோடு வருவது. தலைப்பகுதியைச் சூடாக்கிக்கொண்டு தொடங்கினால் பாதித் தொல்லை தீரும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து காற்றுவழிக்குள் விட்டு, துடைக்காமல் உலரவிட்டால் துளிகள் உருளாமல் பரவி இறங்கிவிடும். வாசிக்கும் நடுவே அடைத்துக்கொண்டால் வெட்டு விளிம்புக்கு மேலுள்ள சாளரத்தை விரலால் மூடி, பலமாக ஒரு ஊது. ஆனால் காற்றுவழிக்குள் கம்பியோ ஊசியோ நுழைக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், அந்த விசிலின் குரலே போய்விடும்.

பழைய விசில் வாங்குகிறவர்களும் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான். குழாயின் உடம்பில் கீறலும் நிறம் போனதும் ஒலியைத் தொடாது. வாய்முனையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். காற்றுவழி ஒழுங்காக இருக்கிறதா, அதன் நேர் எதிரே வெட்டு விளிம்பு கோணாமல், பல் விழாமல் நிற்கிறதா என்பதே முக்கியம். கீழே விழுந்து வெட்டு விளிம்பு நசுங்கிய விசில் எவ்வளவு பெயர்பெற்ற கையால் செய்ததென்றாலும் எனக்கு வேண்டாம்.

என் முதல் விசிலை நான் விற்கவில்லை. இன்னொருவர் தலையில் அதைக் கட்ட மனம் வரவில்லை. லோ விசில் வாங்கலாமா என்று யாராவது வீட்டுக்கு வந்து கேட்டால் இரண்டையும் சூடாக்கி மேசையில் வைக்கிறேன். முதலில் அதைக் கொடுத்து, ஆறு துளையையும் மூடி மெதுவாக ஊதிக் கூட்டிக்கொண்டே போகச் சொல்வேன். அது தாவிவிடும். அவர்கள் மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். பிறகு கோல்டியைக் கொடுப்பேன். போன வாரம் வந்த பெண் அந்தக் கீழ் ‘டி’யை மூச்சு தீரும்வரை விடவே இல்லை. வாயை எடுத்துவிட்டு, “இதுல நெஞ்செல்லாம் அதிருது” என்றாள்.